தேரி மணலில் எழுந்த கோபுரம்
(மெஞ்ஞானபுரம் தேவாலயத்தின் வரலாறும் கட்டட அமைப்பும்)

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது

திருச்செந்தூரிலிருந்து மேற்கே உள்நாட்டை நோக்கிச் செல்லும் வழிப்போக்கனுக்கு முதலில் தென்படுவது செம்மணல். அடுத்துத் தென்படுவது பனை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை இவ்விரண்டுமே நிறைந்திருக்க, அப்பனைகளின் தலைக்கு மேலே ஊசிபோன்ற கோபுரம் ஒன்று வானை நோக்கி எழுந்து நிற்பதைக் காண்போம். அதுவே மெஞ்ஞானபுரம் தூய பவுல் தேவாலயத்தின் கோபுரம். அதன் உயரம் 192 அடி. பெருநகரங்களில் இத்தகைய கோபுரம் இருந்தால் எவரும் வியப்படைய மாட்டார். பனையேறிப் பிழைத்த மக்கள் வாழ்ந்த சிற்றூரில், காற்றடித்தால் இடம் பெயரும் தேரி மணலின் நடுவே, இரும்புக் கம்பியும் சிமெண்டுக் கலவையும் இன்றி இஃது எவ்வாறு எழுந்தது? 150 ஆண்டுகளுக்கு மேலாக எவ்வாறு நிற்கிறது? ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் சிந்திக்க வேண்டிய வினா இதுவாகும். சமயத்தைப் பற்றிப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பொதுக் கட்டடம் ஒன்றை ஓர் ஊர் எழுப்புவதும் காப்பதும் எப்படி என்பதே நாம் இங்கு ஆராயும் பொருள்.

கரையின் வரலாறு

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கடற்கரை, பல நாட்டாரும் வந்து சென்ற கரை. தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. எனினும் முத்தை நாடி வந்தோர் விட்டுச் சென்ற கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. மணப்பாட்டில் கடலோர மணற்குன்றின் மீது அமைந்த திருச்சிலுவை ஆலயம் 1581ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தூத்துக்குடிப் பனிமய மாதா ஆலயம் 1713இல் எழுந்தது. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1750இல் தமக்கென ஓர் ஆலயம் கட்டினர். அது இன்று தூய திரித்துவ ஆலயம் என வழங்குகிறது.

டச்சுக்காரரின் திருச்சபை, ஸ்காட்லாந்து நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையைப் போன்றே சீர்திருத்த மரபைச் சேர்ந்தது. இம்மரபில் பேராயர் என்ற தனித் தலைவர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் கூடி முடிவு செய்வதே முறை. 'பிரஸ்பிட்டேரியன்' என்னும் சொல்லே மூப்பர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். இதனைக் கேட்கும் ஊராட்சி உறுப்பினர்களுக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வரலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது என்றும் விதிக்கின்றன. பலர் கூடி ஆள்வதும் கணக்குக் காட்டுவதும் நமக்குப் புதியன அல்ல.

மெஞ்ஞானபுரம் தேவாலயம் ஆங்கிலிக்கன் மரபில் எழுந்தது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாக இணைந்தனர். பேராயர் உண்டு, அவரோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் உண்டு. இவ்வட்டாரத்தில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியைச் 'சேகரம்' என்பர். சேகரத்திற்கு ஒரு குழு உண்டு. ஆலயத்தின் வரவு செலவையும் பழுதுபார்ப்பையும் கவனிப்பது அக்குழுவின் பொறுப்பு. 2003 முதல் இவ்வூர் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தைச் சேர்ந்திருக்கிறது.

மணற்காட்டில் ஊர் அமைந்த வகை

இவ்வட்டாரத்துத் தேரி என்பது காற்றால் குவிந்த செம்மணல் மேடு. மணலின் செந்நிறத்திற்குக் காரணம், அதன் மீது படிந்துள்ள இரும்புத் துரு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று இம்மணலை வாரி வந்து பாதையை மூடும், தோட்டத்தை மூடும், ஏமாந்தால் வீட்டு வாயிலையும் மூடும்.

வேல்ஸ் நாட்டில் 1808இல் பிறந்த ஜான் தாமஸ் என்பவர் 1836இல் இந்தியா வந்து, பின்னர் இவ்வூரில் தங்கினார். 1870இல் தாம் இறக்கும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேயே வாழ்ந்தார். அவர் முதலில் செய்தது கோபுரம் கட்டுவதன்று. கிணறு வெட்டினார்; தண்ணீர் கண்டார்; மரம் வைத்தார். மணற்காடு தோப்பாகிய பின்னரே பெரிய ஆலயத்திற்கு வழி பிறந்தது. ஆலயம் 1847இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. கோபுரம் நிறைவுற்றது 1868இல். திறப்பிற்கும் நிறைவிற்கும் இடையே 21 ஆண்டுகள்!

இதனை ஒத்த செய்தி அண்டை மாவட்டத்திலும் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் இடையன்குடியில் 1841இல் குடியேறிய கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர் என்பதை நாம் அறிவோம். அவர் ஸ்காட்லாந்து வழிவந்த பிரஸ்பிட்டேரியன் பெற்றோருக்குப் பிறந்து, பின்னர் ஆங்கிலிக்கன் மரபை ஏற்றவர். இடையன்குடியில் தெருக்களை நேராக வகுத்து, கிணறு வெட்டி, மரம் நட்டு ஊரை அமைத்தார். அங்கு 1847இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் 1880இல் நிறைவுற்றது. 33 ஆண்டுகள் ஆயின. கடலலை மோதும் திருச்செந்தூர் முருகன் கோவிலிலும், உப்புக் காற்றில் அரித்துப்போன மணற்பாறைக் கற்களை நீக்கிக் கருங்கல்லால் திருப்பணி செய்யத் துறவியர் பல பத்தாண்டுகள் உழைத்தனர். 1941இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. சமயம் எதுவாயினும் கடற்கரை ஒன்றே. அது கேட்கும் பொறுமையும் ஒன்றே.

காலம் நீண்டதற்குக் காரணம் சோம்பலன்று. கையில் பணம் சேரச் சேரச் சுவர் உயர்ந்தது. பனையேறும் தொழிலாளிக்குப் பதநீர்ப் பருவம் ஆண்டின் ஒரு பகுதியே. மற்ற மாதங்களில் வருவாய் குறைவு. அத்தகைய குடும்பங்களிலும், உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் இவ்வட்டாரத்துப் பெண்களிடம் உண்டு. அறுவடைப் பண்டிகையில் வாழைத்தாரும் முருங்கைக்காயும் கோழியும் கருப்பட்டியும் காணிக்கையாக வந்து ஏலம் போகும். வெளிநாட்டு நன்கொடையும் உதவியது உண்மையே. ஆயினும் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கவும் ஓடு மாற்றவும் வெளிநாட்டார் பணம் அனுப்புவதில்லை. கட்டியவர் பணம் கொடுத்தவராக இருக்கலாம், காப்பவர் ஊராரே.

கட்டட அமைப்பு

மெஞ்ஞானபுரம் ஆலயம் ஐரோப்பாவின் காத்திக் முறையில் அமைந்தது. அம்முறையின் உறுப்புகளை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது, கூர்வளைவு. பலகணிகளும் வாயில்களும் மேலே அரைவட்டமாக முடியாமல், இரு கைகளைக் கூப்பியது போலக் கூராக முடிகின்றன. இஃது அழகிற்காக மட்டும் அன்று. அரைவட்ட வளைவு தன் மீது ஏறிய பாரத்தால் சுவரைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். கூர்வளைவோ பாரத்தைப் பெரும்பாலும் நேர்கீழாக இறக்கிவிடும். எனவே உயர்ந்த சுவரில் பெரிய திறப்புகள் வைக்க முடிகிறது. வெளிச்சமும் காற்றும் தாராளமாக வருகின்றன.

இரண்டாவது, முட்டுச்சுவர். எஞ்சியுள்ள பக்கத்தள்ளலைத் தாங்குவதற்குச் சுவரின் வெளிப்புறத்தில் இடைவெளி விட்டுக் கட்டப்படும் தடித்த கட்டுமானம் இது. சாயும் வாழைக்கு முட்டுக்கால் கொடுக்கும் உழவனுக்கு இதன் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, கோபுரம். கீழே சதுரமாகத் தொடங்கி, மேலே செல்லச் செல்லக் குறுகி ஊசியாக முடிகிறது. அடியில் பாரம் மிகுதி. நுனியில் பாரமும் குறைவு, காற்று மோதும் பரப்பும் குறைவு. புயற்காற்று வீசும் கரைக்கு இவ்வடிவம் பொருத்தமானதே.

நான்காவது, அடித்தளம். "மணல் மேல் கட்டிய வீடு நிற்குமா?" என்று கேட்பர். நிற்கும். நாற்புறமும் நெருக்கிப் பிடிக்கப்பட்ட மணல் நல்ல பாரத்தைத் தாங்கும் என்பது கட்டடக்கலை அறிந்தோர் கூறும் உண்மை. ஆபத்து மணலில் இல்லை; மணல் நகர்வதில் இருக்கிறது. காற்று அடிமணலை வாரினாலோ, மழைநீர் அரித்துச் சென்றாலோ எத்தகைய கட்டடமும் சாயும். ஆகவேதான் மரமும் வேலியும் வடிகாலும் கட்டடத்தின் உறுப்புகளே ஆகின்றன. ஊரில் முதலில் மரம் வைத்து மணலைக் கட்டியதன் பொருள் இப்பொழுது விளங்கும்.

ஐந்தாவது, சுண்ணாம்பு. இக்கரையில் கிளிஞ்சலுக்கும் சிப்பிக்கும் பஞ்சமில்லை. அவற்றைக் காளவாயில் சுட்டு, நீரூற்றித் தாளித்து, நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடு செக்கில் அரைப்பது பழைய முறை. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் சேர்ப்பர். மேற்பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்ப்பதுண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் ஊர், இவ்வாலயத்திற்கு அண்மையில்தான் உள்ளது. தின்பண்டமாக மட்டும் நாம் அறிந்த கருப்பட்டி சுவருக்குள்ளும் இருக்கிறது என்பது வியப்பன்றோ!

நான் செய்த பிழை

இங்கே என் அனுபவம் ஒன்றைக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் பழைய சாவடி ஒன்று இருந்தது. சுண்ணாம்புப் பூச்சு ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. ஊரார் பழுதுபார்க்க வேண்டினர். நான் மதிப்பீட்டைப் பார்த்தேன்; பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சுப் பூசவும், அதன் மேல் பளபளப்பான வண்ணம் அடிக்கவும் ஒப்புதல் அளித்தேன். திறப்பு விழாவில் மாலையும் ஏற்றுக்கொண்டேன்.

மூன்றாம் மழைக்காலம் கழிந்தது. சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அது தனியே விழவில்லை. செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஊர்க் கொத்தனார் முதியவர் ஒருவர், சுவரை விரலால் தேய்த்து வெண்பொடியை என் உள்ளங்கையில் வைத்தார். அது உப்பு. "சுவருக்கும் வேர்க்கும், ஐயா. வேர்வைத் துவாரத்தை அடைத்துவிட்டால் ஆள் பிழைப்பானா?" என்றார்.

பின்னர் நான் கற்றறிந்தது இது: கடற்கரை மண்ணிலுள்ள ஈரமும் உப்பும் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலே பூத்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பூச்சைப் புதுப்பித்தால் போதும். பூச்சு தேயும், சுவர் பிழைக்கும். சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளேயே அடைக்கிறது. உப்பு பூச்சின் பின்னே படிகமாகி, செங்கல்லை உடைக்கிறது. பூச்சு பிழைக்கும், சுவர் தேயும். அச்சாவடியை இறுதியில் இடிக்க வேண்டியதாயிற்று. பொதுப்பணம் இருமுறை செலவாயிற்று. நூறாண்டு நின்ற கட்டடமும் போயிற்று. அதற்கு நானும் பொறுப்பாளி.

இதனால் சிமெண்டு தீயது என்று கொள்ளற்க. புதிய கட்டடத்திற்கு அது தக்கதே. ஆனால் கடலோரத்தில் அதற்குரிய ஒழுங்கு வேண்டும். கடல் மணலைக் கலவையில் சேர்த்தாலும், உவர்நீரால் கலவை பிசைந்தாலும், கம்பியின் மேல் கலவை மெல்லியதாக இருந்தாலும், உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்து, மேற்கூரையைப் பிளந்துவிடும். பத்தாண்டு நிரம்பாத கட்டடங்களில் கூரைக் காரை உதிர்ந்து கம்பி தெரிவதை நம் ஊர்களில் காண்கிறோம். பழைய கட்டடத்திற்குப் பழைய மருந்து, புதிய கட்டடத்திற்குப் புதிய ஒழுங்கு என்பதே நெறி.

பழமை அனைத்தையும் பின்பற்றலாமோ?

கூடாது. இக்கரையில் முன்னோர் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டனர். கட்டடக் கல்லாகவும் கொண்டனர். அதன் விளைவு யாதெனில், தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லி என்னும் தீவு கடலில் மூழ்கிவிட்டது. பவளப்பாறை அலையைத் தடுக்கும் அரண். மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று பவளப்பாறையைத் தொடுவது குற்றம்.

பனையும் அவ்வாறே. வைரம் பாய்ந்த பனங்கைகள் நூறாண்டு கூரையைத் தாங்கும். ஆயினும் 2021இல் அரசு அறிவித்தபடி, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். இடிக்கும் வீட்டிலிருந்து கழற்றும் பனங்கையை மீண்டும் பயன்படுத்துவதே அறிவுடைமை. கிணறும் அவ்வாறே. ஜான் தாமஸ் காலத்தில் கிணறு வெட்டியதே புண்ணியம். இன்றோ உடன்குடி வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்துள்ளது. இன்று வெட்ட வேண்டியது புதிய ஆழ்துளைக் கிணறு அன்று. பழைய குளத்தின் தூரே. முன்னோர் செய்த செயலைவிட, அவர்கள் எண்ணிப் பார்த்த முறையே நாம் பின்பற்றத் தக்கது.

பண்டிகையும் பராமரிப்பும்

நெடுங்காலம் நிலைத்த கட்டடங்களுக்கெல்லாம் ஒரு பொது இரகசியம் உண்டு. அதுதான் பண்டிகை. கிறிஸ்துமஸ் வருமுன் தேவாலயத்திற்கு வெள்ளையடிக்கிறார்கள். பொங்கல் வருமுன் வீட்டிற்கு வெள்ளையடிக்கிறார்கள். கொடை வருமுன் கோவில் துப்புரவாகிறது. ஏணி சாத்தி ஒருவன் மேலேறும்போது, உடைந்த ஓட்டையும் அடைபட்ட தூம்பையும் காண்கிறான். பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றையும் வேரோடு பிடுங்குகிறான். விரலளவு கன்றாக இருக்கையில் பிடுங்குவதற்கு ஒரு நாள் கூலி. கையளவு மரமாகிவிட்டால் கோபுரத்தையே பிரித்துக் கட்ட வேண்டும்.

நம் ஊராட்சிக் கட்டடங்களுக்குப் பண்டிகை இல்லை. நூலகத்திற்கும் அங்கன்வாடிக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஏணி சாத்துவோர் இல்லை. திறப்பு நாள் ஒன்றே அவற்றின் பண்டிகை. அதன் பின்னர் இடிக்கும் நாள்தான்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் இம்மாவட்டம் கண்ட பெருமழையை எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வீடிழந்த மக்கள் பள்ளியிலும் கோவில் மண்டபத்திலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் தங்கினர். அந்நாளில் ஒழுகாத கூரையும் விழாத சுவருமே மக்களின் உயிர். பராமரிப்பு என்பது கணக்கேட்டில் எழுதும் சிறு செலவினம் என்று எண்ணிய எனக்கு, அவ்விரு நாட்களும் நல்ல பாடம் புகட்டின.

கிராம சபைக்கு ஒரு வேண்டுகோள்

ஊராட்சி உறுப்பினர்களே, உழவர் பெருமக்களே! அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னர் வருகிறது. அதனையே நம் பொதுக் கட்டடங்களின் பண்டிகையாகக் கொள்வோம். அதற்கு முந்திய வாரத்தில் பின்வருவனவற்றைச் செய்தல் நலம்:

1. ஊரிலுள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தையும் பட்டியலிடுக. ஒவ்வொன்றும் கட்டிய ஆண்டு, கட்டிய பொருள் ஆகியவற்றைக் குறித்திடுக. சுண்ணாம்புச் சுவரா, சிமெண்டுச் சுவரா என்பது தெரியாமல் எந்தப் பூச்சு வேலைக்கும் தீர்மானம் நிறைவேற்றற்க.

2. ஏணி சாத்தி மேலேறிப் பார்த்திடுக. தூம்புகளைத் துப்புரவு செய்க. முளைத்த கன்றுகளை வேரோடு களைக. உயர்ந்த கட்டடமாயின் இடிதாங்கிப் பட்டை கோபுரம் முதல் மண் வரை அறுபடாமல் இருக்கிறதா என்று காண்க.

3. அடித்தளத்தைச் சுற்றி மழைநீர் தேங்குகிறதா, மணல் அரித்துள்ளதா என்று காண்க. அரித்த இடத்தை நிரப்பி, நீர் விலகி ஓட வாய்க்கால் வகுத்திடுக.

4. ஊரில் சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் இருப்பின், இளைஞர் இருவரை அவரிடம் வேலை பழக அனுப்புக. ஏடும் மதிப்பீடும் எங்கும் கிடைக்கும். அவர் கைப்பழக்கம் அவரோடு மறைந்துவிட்டால் மீளாது.

5. கண்டவற்றையும் ஆன செலவையும் கிராம சபையில் அனைவரும் கேட்கப் படித்திடுக.

இவற்றிற்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை. இவ்வாண்டு ஓர் ஊராட்சியில் பழைய சத்திரம் ஒன்றை இடிக்க வேண்டுமென விண்ணப்பம் வந்தது. முன்போல் உடனே ஒப்பமிடாமல், நானே ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூரைத் தூம்பில் ஓர் ஆலங்கன்று, அதன் கீழே ஒழுகல், அவ்வளவுதான். முதிய கொத்தனார் ஒருவரும் இரு இளைஞரும் சில நாட்களில் அதனைச் சரிசெய்தனர். இவ்வாண்டு மழையில் அச்சத்திரம் எவ்வாறு நிற்கிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

மெஞ்ஞானபுரம் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரியும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றே: அதனைத் தொடங்கியவர் அது முடிய 21 ஆண்டுகள் காத்திருந்தார், அதன் பின்னரும் தலைமுறை தலைமுறையாக எவரோ ஒருவர் ஆண்டுதோறும் ஏணி சாத்தியிருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. நம் ஊர்க் கட்டடங்களுக்கு இன்று வேண்டியவர் அவரே.